14ஆம் நாள் எண்டு சொல்லிக் குடுக்காதீங்க

கேள்வி இதுதான்: திருகோணமலை கோணேசபுரி கம்பஸில சித்த மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிற தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறா. கீழ் பட்ச் பிள்ளைகளுக்குக் கருத்தரிக்கக்கூடிய நாள்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்காங்களாம், புத்தகத்தில உள்ளத வாசிச்சா பத்து நிமிஷத்தில முடிஞ்சிடும், ஆனா கிளினிக்கில வாற தம்பதிகள் கேக்கிறதுக்கு அதில பதில் இல்ல, வகுப்பில பொடியன்களும் இருக்கிறாங்க, எங்க தொடங்கிறது, எவ்வளவு சொல்றது எண்டு.

தங்கச்சி, ஸ்லைட் ஒண்டும் வேணாம், போர்டில அஞ்சு திகதி எழுதுங்க. ஜனவரி 3, ஜனவரி 30, மார்ச் 4, ஏப்ரல் 2, மே 7. லீப் வருஷம் இல்ல. இது பயிற்சிக்கு நான் போட்டுத் தாற திகதிகள், ஒரு பொம்பளைக்குப் பீரியட் தொடங்கின முதல் நாள்கள் எண்டு வையுங்க. இவவுக்கு ஒவ்வொரு முறையும் எத்தினையாம் நாள் முட்டை வெளியாகியிருக்கும் எண்டு கேளுங்க. கனபேர் 14 எண்டுதான் சொல்லுவாங்க, ஏனெண்டா புத்தகத்துப் படம் 28 நாள் சைக்கிளுக்குத்தான் கீறியிருக்கும், சைக்கிள் எண்டா ஒரு பீரியட் தொடங்கினதில இருந்து அடுத்தது தொடங்கிற வரைக்கும்.

இப்ப கணக்குப் போட விடுங்க. சைக்கிள் 27, 33, 29, 35 நாள். முட்டை வெளியானதில இருந்து அடுத்த பீரியட் வரைக்கும் உள்ள பின்பாதி கிட்டத்தட்ட 14 நாள், ஆளுக்காள் பத்துக்கும் பதினாறுக்கும் இடையில நிக்கும், ஆனா ஒரே ஆளுக்கு அது பெரிசா மாறாது, நீளுறதும் சுருங்கிறதும் முன்பாதிதான். அப்ப பின்னால இருந்து கழிச்சா இவவுக்கு முட்டை வந்தது சுமாரா 13ஆம் நாள், 19ஆம் நாள், 15ஆம் நாள், 21ஆம் நாள். அந்தக் கடைசி மாசம் யாரோ சொன்னாங்க எண்டு 14ஆம் நாள் மட்டும் சேர்ந்திருந்தா பிள்ளை தங்கிறதுக்கு வழி இல்ல எண்டே சொல்லலாம், கருப்பை வாயில சுரக்கிற சளி நல்லா இருந்தாலும் விந்தணு அஞ்சு நாளுக்கு மேல தாங்கிறது அருமை, முட்டைக்கு ஆயுள் 12இல இருந்து 24 மணித்தியாலம்தான். இத ரெண்டையும் சேர்த்தாத்தான் அந்த ஆறு நாள் ஜன்னல் வருது, முட்டை வாறதுக்கு முந்தின அஞ்சு நாளும் வாற நாளும். முட்டை வந்ததுக்கு அடுத்த நாள் கதவு சாத்தின மாதிரித்தான். 2000இல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்ல வந்த அமெரிக்க ஆய்வு ஒண்டு இருக்கு, அதில இந்த ஆறு நாளும் முழுசா 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில விழுந்தது 30 வீதமான பொம்பளைகளுக்கு மட்டும்தான். இந்த ஒரு தகவல போர்டின்ட மேல் மூலையில எழுதி வகுப்பு முடியிற வரைக்கும் அழிக்காம விடுங்க.

உடன ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேக்கும், பின்னால இருந்து கழிக்கிறதெண்டா அடுத்த பீரியட் வந்தாத்தானே தெரியும், இந்த மாசம் என்ன செய்யிறது எண்டு. அந்தக் கேள்வி வரும்வரைக்கும் காத்திருங்க, அதுதான் வகுப்பின்ட நடுப்பகுதி.

உடம்பு முன்கூட்டியே சொல்றது சளியால. பீரியட் முடிய கொஞ்ச நாள் வரட்சி, பிறகு ஒட்டுற மாதிரி, பிறகு கிறீம் மாதிரி, முட்டை நெருங்க ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் ஏற ஏற தெளிவா, வழுக்கலா, ரெண்டு விரலுக்கு நடுவில இழுத்தா நூலா நீளுற வெள்ளைக்கரு மாதிரி. அந்த வழுக்கல் கடைசியா இருந்த நாள்தான் உச்ச நாள், முட்டை அதுக்குக் கிட்டத்தான் வரும். ஒஸ்ட்ரேலியாவில பில்லிங்ஸ் டொக்டர் தம்பதிகள் 1950களில தொடங்கி இதத்தான் முறையா எழுதி வைச்சாங்க. உங்கட துறைக்கு இதில ஒரு விசேஷம் இருக்கு. வெள்ளைபடுது எண்டு சொல்லிக்கொண்டு வாற பொம்பளைகளில சிலருக்கு இருக்கிறது இந்த வழுக்கல்தான், நோயே இல்ல. நாத்தம், கடி, தயிர் மாதிரி திப்பி, பச்சை மஞ்சள் நிறம் இருக்கா, எந்தக் கிழமையில வருது, எத்தின நாள் நிக்குது எண்டு கேக்காம மருந்து எழுதக்கூடாது. அந்த நாள்தான் பிள்ளை தங்கக்கூடிய நாள் எண்டு சொல்லி அனுப்பவேண்டிய ஆள நோயாளியாக்கி அனுப்பிறது பெரிய அநியாயம்.

வெப்பநிலைய சுருக்கமாச் சொல்லுங்க. காலம எழும்பிறதுக்கு முந்தி, குறைஞ்சது மூண்டு மணித்தியாலம் நித்திரை கொண்ட பிறகு எடுக்கவேணும், முட்டை வந்த பிறகு 0.2இல இருந்து 0.5 பாகை செல்சியஸ் கூடும், முந்தின ஆறு நாளையும் விட மேல மூண்டு நாள் நிண்டா முட்டை வந்து முடிஞ்சுது. அதாவது இது நடந்ததுக்குச் சாட்சி, வரப்போறதச் சொல்லாது. காய்ச்சல், இரவு டியூட்டி, நோன்புக்கு சஹருக்கு எழும்பிறது எல்லாம் சார்ட்டில கீறுற கோட்டக் குழப்பும். யூரின்ல எல்எச், அதாவது முட்டைய வெளியாக்கிற ஹோர்மோன, பாக்கிற ஸ்ட்ரிப் ஒரு நாள், ஒண்டரை நாள் முந்திச் சொல்லும், ஆனா பிசிஓஎஸ், அதாவது சூலகத்தில கட்டி கட்டியாத் தெரியிற ஹோர்மோன் பிரச்சினை, உள்ள ஆக்களுக்கு எல்எச் எப்பவும் கூடி நிக்கலாம், பொய்யா பொசிட்டிவ் காட்டும். போன் ஆப்? திகதி மட்டும் போட்டா அதுவும் நாம போர்டில போட்ட கணக்கத்தான் போடுது.

இனி ஹிஸ்ட்ரி எடுக்கிறது. எங்கட ஊரில இதுக்குத்தான் நேரம் குடுக்கவேணும். கோயில் திருவிழாவுக்கோ உம்ராவுக்கோ பீரியட் தள்ளிப்போட நோரெத்திஸ்டரோன் குளிசை போட்டவங்க தாங்களா சொல்லமாட்டாங்க, கேட்டாத்தான் சொல்லுவாங்க, அந்த மாசத்த கணக்கில சேர்க்கக்கூடாது. அவசரக் கருத்தடைக் குளிசையும் அப்பிடித்தான். மற்றது, கலியாணம் கட்டி எத்தின வருஷம் எண்டு கேட்டுட்டு விடாதீங்க, எத்தின மாசம் ஒண்டா இருந்தீங்க எண்டு கேளுங்க. கிண்ணியாவிலயும் மூதூரிலயும் கட்டார், சவூதியில வேலை செய்யிற மாப்பிள்ளைமார் இருக்கிறாங்க, சீனன்குடாவில இருந்து பலநாள் போட்டில போறவங்க இருக்கிறாங்க. மூண்டு வருஷக் கலியாணத்தில சேர்ந்திருந்தது நாலு மாசம் எண்டா அது குழந்தையின்மை இல்ல, லீவ எந்தக் கிழமையில எடுக்கிறது எண்டு பாக்கவேண்டிய கதை. திகதி ஞாபகமில்ல எண்டு சொல்றவவிட்ட விட்டுப்போன நோன்பு எத்தின, எந்தத் திருவிழாவுக்குக் கோயிலுக்குப் போகேல்ல எண்டு கேட்டுப் பாருங்க, கனபேருக்கு அதில இருந்து நாள் வரும்.

பிள்ளை வேணாம் எண்டு இந்த முறைகளக் கேக்கிறவங்களுக்கு உண்மையான எண்ணிக்கைதான் சொல்லவேணும், ஆசைக்குச் சொல்லக்கூடாது. 8இல இருந்து 19ஆம் நாள் வரைக்கும் தவிர்க்கிற முறை 26க்கும் 32க்கும் இடையில சைக்கிள் உள்ளவங்களுக்கு மட்டும்தான், சாதாரணமாப் பாவிக்கேக்க வருஷத்துக்கு நூறு பேரில 12 பேர் முழுகாம இருப்பாங்க, போர்டில இருக்கிற பொம்பளைக்கு இந்த முறை சரிவரவே வராது. சளியையும் வெப்பநிலையையும் சேர்த்து நல்லாப் பழகினவங்களுக்கு 2007இல வந்த ஜெர்மன் ஆய்வில 2 பேருக்கும் குறைவு, ஆனா அங்க பழக்கிவிட ஆள் இருந்தாங்க. பிள்ளை பெத்து பால் குடுக்கிறவங்கட கதை வேற, அத இந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ள திணிக்க வேணாம்.

பொடியன்கள் இருக்கிறது பிரச்சினையே இல்ல, அவங்க இருக்கத்தான் வேணும். நாளைக்கு இதே கேள்வியோட அவங்களுக்கு முன்னாலயும் ஒரு தம்பதி வந்து இருக்கும். பிள்ளை இல்லாத தம்பதிகளில கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆம்பிளப் பக்கமும் காரணம் இருக்கு, விந்தணு உருவாக ரெண்டரை மாசம் அளவு எடுக்கும், செமன் டெஸ்ட்தான் இருக்கிறதில லேசான டெஸ்ட், எண்டாலும் பொம்பளைக்கு எல்லா டெஸ்டும் செய்து முடிஞ்ச பிறகுதான் புருஷனக் கூப்பிடுற பழக்கம் இன்னும் போகேல்ல. வகுப்பில இருக்கிற பொம்பளப்பிள்ளைகளத் தங்கட சொந்த சார்ட்டக் கொண்டுவரச் சொல்லாதீங்க, விரும்பினவ வீட்டில வைச்சு எழுதிப் பழகட்டும்.

எப்ப ஸ்பெஷலிஸ்டிட்ட அனுப்பிறது எண்டதையும் கட்டாயம் சொல்லிக்குடுங்க. சேர்ந்திருந்து 12 மாசம், பொம்பளைக்கு 35 தாண்டியிருந்தா 6 மாசம். பீரியட் மாசக்கணக்கா வராம இருந்தா, முந்தி வயித்துக்குள்ள ஒப்பரேஷன் செய்திருந்தா, புருஷனுக்கு விதைப்பையில ஏதும் பிரச்சினை இருந்திருந்தா ஒரு நாளும் பாத்துக்கொண்டிருக்க வேணாம். அதுவரைக்கும் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை மிட்வைஃபிட்ட பதிஞ்சு ஃபோலிக் அசிட் நாளுக்கு 400 மைக்ரோகிராம் தொடங்கட்டும், ருபெல்லா ஊசி போட்டதா எண்டு பாக்கட்டும். நீங்க மருந்து குடுத்துக்கொண்டிருந்தா அத ஒரு துண்டில எழுதி ஸ்பெஷலிஸ்டுக்குக் குடுத்தனுப்புங்க, 36 வயசுப் பொம்பளைய அடுத்த மாசம் பாப்பம், அடுத்த மாசம் பாப்பம் எண்டு ஒரு வருஷம் பிடிச்சு வைச்சிருக்காதீங்க, அந்த வருஷத்த அவவுக்கு ஒருத்தராலயும் திருப்பிக் குடுக்கேலாது.