முதலைப் புழுவும் கத்தரிப் பூவும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் வலையன்குளம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இடத்தில் அவரைப் பந்தல், கத்தரி, சுரை போட்டிருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் மல்லிகைத் தோட்டம். மார்கழிக் கடைசியில் அவரைக் கொழுந்தெல்லாம் கறுப்பாக, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. நடுநடுவே குட்டி முதலை மாதிரி ஒரு புழு வேறு. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தேன். முதலைப் புழு உடனே செத்தது. அசுவினியோ பத்தே நாளில் முன்னைவிட அதிகமாகிவிட்டது. கத்தரியும் பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. பூச்சி என்ற ஒன்றே இல்லாமல் போனால் நிம்மதி என்று தோன்றுகிறது. நீங்களோ பூச்சிகளைக் கொண்டாடி எழுதுகிறீர்கள். நான் என்ன செய்யட்டும்?

ச.

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

அந்த முதலைப் புழு உங்கள் அவரையைத் தின்ன வரவில்லை, அசுவினியைத் தின்ன வந்தது. பொறிவண்டின் இளம்பருவம் அது. வண்டாகிச் சிவப்பில் கறுப்புக் கோடும் புள்ளியுமாக உட்கார்ந்திருந்தால் யாரும் கொல்வதில்லை, குழந்தைகள் கையில் ஏற்றி விளையாடும். அதே உயிர் புழுவாக இருக்கும்போது கறுத்து, முள்முள்ளாக, ஆறு காலில் ஊர்வதால் மருந்து வாங்கிவிடுகிறது. அப்படி ஒரு புழு வளர்ந்து கூட்டுப்புழுவாவதற்குள் சில நூறு அசுவினியைத் தின்றுவிடும்.

மருந்துக்குப் பிறகு அசுவினி பெருகியதில் மர்மம் ஒன்றுமில்லை. நம் வெப்பத்தில் பெருகும் அசுவினி எல்லாமே பெண். ஆண் துணையில்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகும். மருந்து இரண்டு பக்கமும் கொல்கிறது. சுருண்ட இலைக்குள் நாலு அசுவினி தப்பினால் போதும், தடுக்க ஆளில்லாத கொழுந்தில் அவை மட்டும் பெருகும்.

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இலையை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும். பலர் லென்ஸை இலைமேல் பிடித்துவிட்டு எட்டிப் பார்ப்பார்கள், அப்படிப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். அசுவினிக் கூட்டத்துக்குள் மெதுவாகத் தேடுங்கள். காலில்லாத, பாதி கண்ணாடி போன்ற புழு ஒன்று தலையைத் தூக்கி ஒரு அசுவினியைக் கவ்வியபடி இருக்கலாம். பூக்களின்மேல் அசையாமல் அந்தரத்தில் நிற்குமே, தேனீ போலவே இருக்கும் ஈ, அதன் பிள்ளை அது. இலையடியில் மயிரிழைக் காம்பின் நுனியில் ஒற்றை வெள்ளை முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது, அதன் புழுவும் அசுவினி தின்னும். இன்னும் கூர்ந்து பார்த்தால் சில அசுவினிகள் மட்டும் உப்பி, வைக்கோல் நிறத்தில் அசையாமல் கிடக்கும். அவற்றின் உள்ளே கொசுவைவிடச் சிறிய குளவியின் குஞ்சு வளர்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட இலைகளை மட்டும் கிள்ளி எறியாதீர்கள்.

பொறிவண்டு வகையிலும் ஒன்று இலை தின்னி. கத்தரி, பாகல் இலையின் அடியில் இருக்கும். மினுமினுப்பு இல்லாமல், நுண்ணிய மயிரோடு, மங்கிய செம்பழுப்பில் நிறையப் புள்ளிகள். அதன் புழு மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். இலை சல்லடை போல் சுரண்டப்பட்டிருக்கும். இதையும் இதன் மஞ்சள் முட்டைக் கொத்தையும் கையால் நசுக்கிவிடலாம். ஆனால் அசுவினி இருக்கும் கொழுந்தில் காணும் மஞ்சள் முட்டைக் கொத்து பெரும்பாலும் நம் ஆள் வைத்ததுதான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி என்பதால், எந்தச் செடியில், எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பந்தல்காலில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டைக் கடித்து விரட்டும். ஒவ்வொரு காலிலும் நாலு விரற்கடை அகலத்துக்குப் பாலித்தீன் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். கொடியின் தண்டில் நேரடியாகத் தடவினால் பட்டை வெந்துபோகும், அங்கேயும் தாள் சுற்றித்தான் தடவ வேண்டும். இவ்வளவும் செய்து, ஒரே ஒரு இலை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் எறும்புக்கு அதுவே பாலம்.

அசுவினியைக் காலையில் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கீழே தள்ளுங்கள். 2 நாளைக்கு ஒருமுறை, 3 தடவை. கீழே விழுந்தது பெரும்பாலும் திரும்ப ஏறாது. அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் வேப்பம்பருப்பு 50 கிராம் இடித்துத் துணியில் கட்டி, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். சோப்புக் கரைசல் 2 மில்லி சேர்த்து அன்று மாலைக்குள் அடித்துவிட வேண்டும். வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த பருப்பிலும் பலன் இருக்காது.

இனி கத்தரி. பூவின் நடுவே மஞ்சள் கூம்பாக நிற்பவை மகரந்தப் பைகள். அவை பக்கவாட்டில் பிளக்காது. நுனியில் இரண்டு ஊசித்துளை மட்டும் உண்டு, உப்பு டப்பா மாதிரி உலுக்கினால்தான் தூள் கொட்டும். தேன்கூடு கட்டும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். அந்த 'ர்ர்' என்ற ஒலி இரண்டடி தூரத்தில் நின்றால் கேட்கும். காற்று அசைத்தும் ஓரளவு காய் பிடிக்கும், ஆனால் இவை வந்து போன பூவில் பிடிப்பது போல வராது.

முதலில் 10 பூவைப் பாருங்கள். கூம்பின் நடுவிலிருந்து சூல்தண்டு, அதாவது மகரந்தத்தை ஏற்கும் தண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கக்கூடிய பூ. உள்ளேயே குட்டையாக ஒளிந்திருந்தால் எந்த வண்டு வந்தாலும் காய்க்காது, உதிரத்தான் செய்யும். குட்டைப் பூவே அதிகமென்றால் உரத்தையும் தண்ணீரையும் கவனியுங்கள். நீண்ட சூல்தண்டுப் பூக்களும் உதிர்ந்தால் வண்டு வரவில்லை என்று சந்தேகப்படலாம். இப்போதைக்குக் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் பூக்காம்பை விரலால் நாலைந்து முறை சுண்டிவிடுங்கள்.

பக்கத்து மல்லித் தோட்டத்தின் சங்கதியும் இதில் இருக்கிறது. மல்லியை மொட்டாகவே பறிக்கிறோம், பதியன் போட்டே பெருக்குகிறோம். அதற்கு வண்டும் வேண்டாம், தேனீயும் வேண்டாம். மொட்டுப்புழுவுக்கு மருந்தடிக்கும்போது வண்டு குறைந்தால் மல்லிக்காரருக்கு அந்த நஷ்டம் தெரியவே தெரியாது. வேலிக்கு இந்தப் பக்கம் உங்கள் கத்தரியில்தான் தெரியும். சண்டை வேண்டாம். மருந்தடிக்கும் நாளை முதல் நாளே சொல்லும்படியும், காற்று உங்கள் பக்கம் வீசாத நேரமாகப் பார்த்து வெயில் இறங்கியபின் அடிக்கும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவண்டுக்கு வீடு வேண்டும். பழைய மரத்தூணில் ஓட்டை போட்டு மரத்தூள் கொட்டுகிறதே என்று மண்ணெண்ணெய் ஊற்றுவதை நிறுத்துங்கள். காய்ந்த மூங்கிலை ஒரு சாண் நீளத்துக்கு, ஒரு பக்கம் கணு மூடியிருக்கும்படி வெட்டி, 10 துண்டுகளைக் கட்டி, மழை படாத கூரை இறவாணத்தில் படுக்கைவாட்டில் தொங்கவிடலாம். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் எதுவும் குடியேறாது. நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டும். ஒரு மூலையைக் கொத்தாமல், சிமெண்ட் பூசாமல் விடுங்கள். கொத்தமல்லிச் செடி நாலைந்தைப் பூக்க விட்டால் அந்த அந்தர ஈயும் சின்னக் குளவியும் அங்கே சாப்பாட்டுக்கு வரும்.

பூச்சியே இல்லாமல் போனால் என்று கேட்டிருந்தீர்கள். தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் குஞ்சுக்குத் தானியம் அதிகம் ஊட்டுவதில்லை, பெரும்பாலும் மெத்தென்ற புழுவைத்தான் தேடி எடுத்துப் போகின்றன. உதிர்ந்த இலையை மரவட்டையும் கரையானும் தின்று பொடியாக்காவிட்டால் அது மண்ணாக நெடுங்காலம் பிடிக்கும். உங்கள் சுரைக்கும் பூச்சி வேண்டும். அதன் வெள்ளைப் பூ மாலையில்தான் விரியும், அதைத் தேடி அந்துப்பூச்சிகள் வரும். அதனால் வேப்பங்கரைசலானாலும் சுரைப் பூவில் மட்டும் மாலையில் படவிடாதீர்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு இரவு 7 மணிக்குப் பந்தலடியில் அசையாமல் நின்று பாருங்கள். சில வந்ததுமே பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே விடும்.