தலைக்குக் கடை, உடம்புக்கு இன்ச் டேப்

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் வசிக்கிறேன். ஹிமாலயன் 450 பைக் எடுத்து நாலு மாதம் ஆகிறது. நானும் மனைவியும் கொல்லிமலை, வால்பாறை என்று போய்வர ஆசைப்படுகிறோம். இருவருக்கும் ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ் வாங்க ரூ.30,000 ஒதுக்கியிருக்கிறேன். உள்ளூர்க் கடைகளில் சைஸ் கிடைப்பதில்லை, மனைவிக்கு எதுவுமே இல்லை. சென்னையில் ஒரு கடையில் ஜாக்கெட் ரூ.9,500 சொன்னார்கள். அதுவே ஆன்லைனில் ரூ.7,900. கடையில் போட்டுப் பார்த்து சைஸ் தெரிந்துகொண்டு, வெளியே வந்து ஃபோனில் ஆர்டர் போட்டால் தப்பா? சிங்கப்பூரில் இருக்கும் மச்சான், ‘ஹெல்மெட் நான் வாங்கிட்டு வர்றேன்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள், அதை முதலில் பேசிவிடலாம். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் ஒரே ஜாக்கெட்டை மூன்று நிறத்தில், ஐந்து சைஸில் காசு கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறார். அதில் டபுள் எக்ஸ்.எல். வருஷக்கணக்கில் விற்காமலே தொங்கலாம். அப்படி முடங்கிக் கிடக்கும் பணத்தால்தான் நீங்கள் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்க்க முடிகிறது. அரை மணி நேரம் அவருடைய பையனை ஏணியில் ஏற்றி இறக்கிவிட்டு வாசலில் நின்று ஆர்டர் போடுவதை நான் செய்யமாட்டேன்.

அதற்காக ரூ.1,600 அதிகம் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஃபோனை அவரிடமே காட்டுங்கள். “அண்ணே, இதே ஜாக்கெட் இங்கே 7,900 போட்டிருக்கான், நீங்க என்ன விலைக்குத் தருவீங்க?” என்று கேளுங்கள். பலரும் ஓரளவு இறங்கி வருவார்கள். ஐந்நூறு, அறுநூறு வித்தியாசத்தில் வந்து நின்றால் கடையிலேயே வாங்கிவிடுங்கள். நாளைக்கு ஜிப் மக்கர் செய்தால் போய் நிற்க ஓர் இடம் இருக்கும். அவர் முடியவே முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு ஆன்லைனில் வாங்க உங்களுக்கு உறுத்தல் வேண்டாம்.

ஆனால் ‘இதே ஜாக்கெட்’ என்பதைக் கொஞ்சம் சோதியுங்கள். விலை வித்தியாசம் பாதி நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒன்று போன வருஷ மாடலாக இருக்கலாம். ஒன்றில் மழைக்கான உள்லைனர் கூட வரும், மற்றதில் தனியாக வாங்கவேண்டும். முக்கியமாக முதுகுப் பக்கம். பல ஜாக்கெட்டுகளில் தோளிலும் முழங்கையிலும் நல்ல ஆர்மர், அதாவது அடி தாங்கும் காப்பு, வைத்துவிட்டு, முதுகுப்பக்க உள்பையில் வெறும் ஸ்பாஞ்சைச் செருகியிருப்பார்கள். அதை உருவி எடுத்துப் பாருங்கள். ஐரோப்பியத் தர எண் ஈ.என். 1621-2 அச்சிட்டிருந்தால்தான் அது முதுகுக் காப்பு. 50 ஜூல் அடி விழுந்தால் லெவல் 1 காப்பு சராசரியாக 18 கிலோ நியூட்டன் விசை வரை உள்ளே விடலாம். லெவல் 2 காப்பில் அந்த வரம்பு 9தான், அதாவது சரிபாதி. எண் எதுவும் இல்லாத ஸ்பாஞ்ச் எவ்வளவு விடும் என்று யாரும் அளக்கவில்லை.

இனி ஹெல்மெட். கடையா ஆன்லைனா என்பதில் எனக்குப் பிடிவாதம் இருப்பது இந்த ஒரு பொருளில் மட்டும்தான். முதல் ஹெல்மெட்டை, தலையை நேரில் கொண்டுபோய்த்தான் வாங்கவேண்டும்.

காரணம் இருக்கிறது. வெளி ஓடு பளபளப்பாக இருந்தாலும், ஹெல்மெட்டின் உயிர் உள்ளே இருக்கும் தெர்மாகோலில்தான். அடி விழும்போது அது நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றச் சொல்கிறார்கள். நசுங்கியது திரும்ப எழும்பாது. அந்தத் தெர்மாகோல் வேலை செய்யவேண்டுமானால் தலையோடு ஒட்டி இருக்கவேண்டும். இன்ச் டேப்பை வைத்துப் புருவத்துக்கு மேல் சுற்றி அளந்தால் உங்களுக்கும் உங்கள் மச்சானுக்கும் 58 செ.மீ. வரலாம். ஆனால் ஒருவருக்கு உருண்டைத் தலை, மற்றவருக்கு முன்பின்னாக நீண்ட தலை. ஒருவருக்குக் கச்சிதமாக உட்காரும் கம்பெனி, மற்றவருக்கு நெற்றியில் குத்தும். எந்த சைஸ் சார்ட்டிலும் இது தெரியாது.

கடையில் போனதும், “ஃப்ரீயா இருக்கா சார்?” என்று கேட்பார்கள். ஃப்ரீயாக இருந்தால் அது உங்கள் சைஸ் இல்லை. புது ஹெல்மெட் கன்னத்தை அழுத்தவேண்டும். வாயை மென்றால் கன்னத்தின் உள்சதை பல்லில் படவேண்டும். பஞ்சு சில வாரங்களில் படிந்து தளர்ந்துவிடும், இப்போதே தளர்வாக இருப்பது அப்புறம் ஆடும். தாடைக்குக் கீழே பட்டையை மாட்டிக்கொண்டு, மனைவியை விட்டுப் பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டச் சொல்லுங்கள். கழன்று வந்தால் வேண்டாம். பிறகு தலையிலேயே வைத்துக்கொண்டு ஒரு கால் மணி நேரம் கடையில் சுற்றுங்கள், யார் பார்த்தாலும் கவலைப்படாதீர்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலி எடுத்தால், பெரிய சைஸ் கேட்காதீர்கள், வேறு கம்பெனி கேளுங்கள். அங்கே பொருந்தாதது சைஸ் அல்ல, வடிவம். கண்ணாடி போடுபவராக இருந்தால் கண்ணாடியோடு பாருங்கள். உங்கள் மனைவி பின்னலோடு பயணம் செய்வார் என்றால் பின்னலோடுதான் போட்டுப் பார்க்கவேண்டும்.

திருச்சியில் கிடைக்காவிட்டால் இருவருமாக ஓர் இரவு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். சென்னை எழும்பூரில் இறங்கினால், வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த, அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு பக்கம்தான். நகரத்தில் நல்ல ரைடிங் கியர் கடைகளும் வேறு பல இடங்களில் இருக்கின்றன. ரயில் டிக்கெட்டையும் ஹெல்மெட் விலையோடு சேர்த்துக் கணக்கு வையுங்கள், அது வீண் செலவு இல்லை.

முத்திரையைப் பற்றி. 2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கக் கூடாது. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். முத்திரையை மட்டும் யார் வேண்டுமானாலும் ஸ்டிக்கர் அடிக்கலாம், நெடுஞ்சாலை ஓரத்தில் தார்ப்பாய் விரித்து விற்பவற்றிலும் ஒட்டியிருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு செயலியில் அந்த உரிம எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது, இப்போது செல்லுபடியாகிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே செய்துவிடலாம். அதோடு வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் போட்ட, ஐரோப்பிய ஹெல்மெட் தரமான இ.சி.இ. 22.06 சான்றும் இருந்தால் இன்னும் நல்லது. பழைய 22.05-ல் இல்லாத சாய்வு மோதல் சோதனை, அதாவது தலை சுழலும்படி விழும் அடிக்கான சோதனை, 22.06-ல் உண்டு. நிஜத்தில் விழுபவர்கள் பெரும்பாலும் சாய்வாகத்தான் விழுகிறார்கள். உள்ளே இருக்கும் தயாரிப்புத் தேதியையும் பார்த்துவிடுங்கள். பெரிய தள்ளுபடி என்றால் கிடங்கில் எவ்வளவு காலம் கிடந்தது என்பது முக்கியம்.

ஒருமுறை மாடலும் சைஸும் தெரிந்துவிட்டால், அடுத்த தடவை அதையே ஆன்லைனில் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. படம் போட்டதைவிட ஒற்றை நிறத்தில் இருப்பது பொதுவாக விலை குறைவு, போன வருஷ டிசைன் இன்னும் குறைவு. வெளி ஓடும் உள்ளே தெர்மாகோலும் ஒன்றுதான். ஆனால் கம்பெனியின் சொந்தத் தளத்திலோ அவர்கள் பட்டியலில் உள்ள டீலரிடமோ வாங்குங்கள். பெரிய சந்தைத் தளங்களில் ‘விற்பவர்’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கேள்விப்படாத பெயராகவும் விலை பாதியாகவும் இருந்தால் அது பெரும்பாலும் போலிதான்.

ஜாக்கெட், கிளவுஸுக்கு ஆன்லைன் தாராளமாகப் போதும், சோம்பல்படாமல் அளவெடுத்தால். ‘சட்டை எல், அதனால் ஜாக்கெட்டும் எல்’ என்பது வேலைக்கு ஆகாது. மார்பு, இடுப்பு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை கை நீளம் என்று வழக்கமாக அணியும் டி-ஷர்ட்டின் மேலேயே இன்ச் டேப் வைத்து அளந்து, அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஐரோப்பிய வெட்டில் கை நீண்டு, நம் தொப்பைக்கு மட்டும் இடம் இருக்காது. நம் நாட்டுக் கம்பெனிகள் இந்த விஷயத்தில் நம்மைப் புரிந்துவைத்திருக்கின்றன.

பார்சல் வந்ததும் பிரிக்கும்போதே ஃபோனில் வீடியோ எடுங்கள், பல விற்பனையாளர்கள் அது இல்லாமல் புகாரையே ஏற்பதில்லை. டேகைக் கிழிக்காமல் போட்டுக்கொண்டு, வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி ஏறி உட்கார்ந்து ஹேண்டில் பாரைப் பிடியுங்கள். நின்றபடி அழகாக இருப்பது உட்கார்ந்ததும் மாறிவிடும். முழங்கை ஆர்மர் முழங்கையில்தான் இருக்கிறதா, கையால் பிடித்துத் திருகினால் பக்கவாட்டில் நழுவுகிறதா, முதுகுப்பக்கம் பெல்ட்டுக்கு மேல் ஏறிவிடுகிறதா என்று பாருங்கள். நழுவும் ஆர்மர் விழும்போது இருக்கவேண்டிய இடத்தில் இருக்காது. மாற்றவேண்டும் என்றால் அதே அமர்வில் முடிவு செய்யுங்கள், ‘ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாமே’ என்று கிளம்பினால் வியர்வை வாசனையோடு திரும்பி வரும் ஜாக்கெட்டை யாரும் எடுக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கு இருக்கிறது. மின்வணிகத்துக்கான 2020-ம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, குறையுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் சைஸ் சேராதது குறை அல்ல. அதற்கு விற்பவரின் எக்ஸ்சேஞ்ச் விதிதான் எல்லாம், திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்பது உட்பட. ஆர்டர் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

திருச்சி வெயிலுக்கு, காற்று புகும் வலைத்துணியில் தைத்த மெஷ் ஜாக்கெட்தான். கத்திரியில் கெட்டித் துணி ஜாக்கெட் வாங்கியவர்கள் பத்தாவது கிலோமீட்டரில் கழற்றிப் பின்னால் கட்டிவிடுகிறார்கள். லேபிளில் ரைடிங் உடைக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 17092 என்ற எண்ணையும் அதன் தரத்தையும் தேடுங்கள். ட்ரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ என்று இறங்கும். மெஷ் பெரும்பாலும் ஏ-யில் நிற்கும், டபுள் ஏ கிடைத்தால் விடாதீர்கள்.

கிளவுஸைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். விழுகிறவன் முதலில் கையைத்தான் ஊன்றுகிறான். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிய பிறகு மறு கையால் இழுத்தால் கழலக் கூடாது, அதுதான் முக்கியமான சோதனை.

உங்கள் மனைவியின் விஷயத்துக்கு வருகிறேன். பல வீடுகளில் நடப்பது இது: கணவருக்குப் பன்னிரண்டாயிரத்தில் ஜாக்கெட், பின்னால் உட்காருபவருக்கு வண்டியோடு இலவசமாக வந்த ஹெல்மெட். நீங்கள் இருவருக்கும் சேர்த்துக் கேட்டதே எனக்குச் சந்தோஷம். ஆண்களுக்கான ஸ்மால் சைஸை அவருக்கு வாங்கிவிடாதீர்கள். தோள் அகலமாகி, இடுப்பில் பிடித்து, ஆர்மர் எல்லாம் இடம் மாறிவிடும். பல கடைக்காரர்கள் பெண்கள் சைஸ் அடுக்காததால் இந்த ஒன்றுக்குப் பெரும்பாலும் ஆன்லைன்தான் வழி. அதற்கு முன், நீங்கள் வண்டி எடுத்த ஷோரூமில் ஒருமுறை கேளுங்கள். ராயல் என்ஃபீல்டு பெண்களுக்கென்றே ஜாக்கெட் தைக்கிறது, சைஸ் வரவழைத்துத் தருவார்களா என்று கேட்பதில் நஷ்டமில்லை.

பணக் கணக்கு சுருக்கமாக. ஹெல்மெட் இரண்டுக்கும் சேர்த்து ரூ.10,000 முதல் 11,000, கிளவுஸ் ரூ.4,000, மீதி ஜாக்கெட்டுகளுக்கு. கணுக்காலை மூடும் ஷூவுக்கும் முழங்கால் கார்டுக்கும் இதில் இடம் இல்லை, அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம். பட்ஜெட் இடித்தால் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் கொல்லிமலையின் 70-ஐயும் இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள், ஹெல்மெட்டில் குறைக்காதீர்கள்.

மச்சானிடம் ஹெல்மெட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தலை உங்களிடம் இருக்க, ஹெல்மெட்டை அவர் எப்படிப் பொருத்திப் பார்ப்பார்? தவிர, அங்கே விற்பதில் பெரும்பாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது இந்தியத் தரத்தை, இல்லாவிட்டால் அபராதம் ரூ.1,000. ஏதாவது வாங்கித் தந்தே தீருவேன் என்று நின்றால், உங்கள் இருவர் ஜாக்கெட்டிலும் முதுகுப்பக்க உள்பையின் நீள அகலத்தை அளந்து வாட்ஸப்பில் அனுப்புங்கள். ஈ.என். 1621-2, லெவல் 2 என்று அச்சிட்ட காப்பு இரண்டு, அந்த அளவுக்கு. பெட்டியில் துணிகளுக்கு அடியில் தட்டையாகப் படுத்துவிடும்.