காற்றாலையை அகற்றக் கேட்காதீர்கள், ராத்திரியில் அடக்கக் கேளுங்கள்

கேள்வி: ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். மாமனார் காலத்தில் கட்டிய வீடு. போன வருடம் பக்கத்தில் மூன்று காற்றாலைகளை நிறுத்தி ஓட்ட ஆரம்பித்தார்கள். இருப்பதிலேயே கிட்டத்தில் உள்ளது சுமார் 350 மீட்டர் தூரம், அதுவும் என் கொழுந்தன் குத்தகைக்கு விட்ட நிலத்தில். ராத்திரி பத்து மணிக்கு மேல் உஷ் உஷ்ஷென்று விடாமல் சத்தம், மாமியார் தூங்கி மாதக்கணக்காகிறது. காலையில் இறக்கையின் நிழல் சமையலறைக்குள் வெட்டி வெட்டி விழுகிறது. கேட்டால், எல்லா அனுமதியும் இருக்கிறது என்கிறார் கம்பெனி மேனேஜர். இப்போது வருடத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லி ஒரு பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். காற்றாலையை அகற்ற முடியுமா? கொழுந்தன் மேலும் கேஸ் போட வேண்டி வருமா?

பதில்: முதலில் அந்தப் பத்திரம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள், ஒரு நகலை மட்டும் கேட்டு வாங்குங்கள். நகல் தர மாட்டோம் என்றால் அதிலேயே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. இந்த மாதிரிப் பத்திரங்களில் தொகை முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கும். உள்ளே எங்கோ ஓரிடத்தில், சத்தம், அதிர்வு, நிழல் எதற்கும் இனி ஆட்சேபிக்க மாட்டோம், வாரிசுகளையும் வீட்டை வாங்குபவர்களையும் இது கட்டுப்படுத்தும், காற்றாலை ஓடும் காலம் முழுக்கச் செல்லும் என்று ஒரு நீண்ட வாக்கியம் இருக்கும். ஒரு காற்றாலையின் ஆயுள் 20, 25 வருடம். அத்தனை வருடத்து உரிமையையும் அந்த ஒரு வாக்கியத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கு நீங்கள் கோர்ட்டுக்கு வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் வேறு எதுவும் பேச வேண்டியதில்லை, அந்தப் பக்கத்தை நீட்டினால் போதும்.

அடுத்து, அகற்ற முடியுமா என்பது. நேராகவே சொல்கிறேன், அது கிடைப்பது ரொம்பக் கஷ்டம். கோர்ட் எப்போது தடை உத்தரவு தரலாம் என்று சொல்லும் 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் (Specific Relief Act) 2018-ஆம் ஆண்டு ஒரு திருத்தம் வந்தது. உள்கட்டமைப்புத் திட்டத்தின் பணிக்கோ அதன் சேவை தொடர்வதற்கோ இடைஞ்சலாக இருக்குமென்றால் தடை உத்தரவு தரக்கூடாது என்று 41-ஆம் பிரிவில் (எச்ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள், மின் உற்பத்தி அந்தத் திட்டங்களின் பட்டியலிலேயே இருக்கிறது. ஓடவே கூடாது, பிடுங்கிப் போடு என்று கேட்டால் முதல் வாய்தாவிலேயே இதைத்தான் எடுத்து வைப்பார்கள். ஆகவே கேட்பதை மாற்றிக் கேட்க வேண்டும். ராத்திரி 10 முதல் காலை 6 வரை, காற்று குறிப்பிட்ட திசையில் வீசும்போது, கிட்டத்தில் இருக்கும் அந்த ஒரு இயந்திரத்தை மட்டும் சத்தம் குறைந்த முறையில் ஓட்டு, அப்படியும் குறையவில்லை என்றால் அந்த நேரத்துக்கு நிறுத்து, இதுவரை பட்ட பாட்டுக்கு நஷ்ட ஈடு கொடு. இதற்கும் 41-ஐக் காட்டி ஆட்சேபிப்பார்கள்தான், ஆனால் கம்பெனியின் சேவை மொத்தமாக நிற்கவில்லை, கொஞ்சம் உற்பத்தி குறைகிறது, அவ்வளவுதான் என்று வாதாட நமக்கு இடம் இருக்கிறது. நஷ்ட ஈட்டுக்கோ அந்தப் பிரிவு குறுக்கே வராது. சத்தம் குறைந்த முறை என்று நான் சொல்வது கற்பனையும் இல்லை. இப்போதைய இயந்திரங்களில் இறக்கையின் கோணத்தையும் சுழலும் வேகத்தையும் மாற்றிச் சில டெசிபல் குறைக்கிற வசதி கண்ட்ரோலரிலேயே இருக்கும். ஆஸ்திரேலியாவில் பால்ட் ஹில்ஸ் காற்றாலை வழக்கில் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம் 2022-இல் ராத்திரி நேரச் சத்தத்தைத் தனியாக எடுத்துப் பார்த்து, அது தொல்லைதான் என்று சொல்லி நஷ்ட ஈடும் தடையும் கொடுத்தது. நம் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்கு உதவும்.

சரி, அந்த “எல்லா அனுமதியும் இருக்கிறது” என்ற பேச்சுக்கு வருவோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் காற்றாலையை வெள்ளைப் பிரிவில் வைத்தது. அதாவது மாசு வாரியத்தின் இசைவே தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலும் காற்றாலை கிடையாது. ஆகவே உங்கள் வீட்டில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்று அளந்து பார்த்துக் கொடுத்த அனுமதியாக அது இருக்க வாய்ப்பு குறைவு. மறுபக்கம், மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், சத்தத்தைக் கருதி எந்தக் குடியிருப்புக்கும் 500 மீட்டருக்குள் காற்றாலை வைக்கக் கூடாது என்று இருக்கிறது. உங்களுடையது 350. வழிகாட்டுதல் என்பது சட்டம் ஆகிவிடாது, அதை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது. ஆனால் வீடு முன்பே இருந்தது, தூரம் தெரிந்தே வைத்தார்கள் என்று காட்ட இதைவிட நல்ல காகிதம் இல்லை. வீட்டு வரி ரசீது, பழைய மின் இணைப்பு அட்டை எல்லாவற்றையும் தேடி எடுங்கள். கூடவே, எந்தத் தேதியில் எந்த வரைபடத்தை வைத்து அனுமதி கொடுத்தார்கள் என்று ஊராட்சியிலும் மின்வாரியத்திலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அந்த வரைபடத்தில் உங்கள் வீடு காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காட்டாமல் விட்டிருந்தால் வழக்கின் நிறமே மாறிவிடும்.

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி கலெக்டரிடம் புகார் கொடுங்கள் என்று பலரும் சொல்வார்கள். கொடுக்கலாம், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி வரம்பு 45 டெசிபல். 7-ஆவது விதியோ, வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் செய்யலாம் என்கிறது, அதாவது 55. இந்தத் தூரத்தில் ஒரு காற்றாலை 55-ஐத் தொடுவது அபூர்வம், நாற்பதுகளில்தான் நிற்கும். அவசரப்பட்டுப் புகார் கொடுத்து, அதிகாரி வந்து காற்றில்லாத மத்தியானத்தில் அளந்து, “வரம்புக்குள் உள்ளது” என்று ஒரு அறிக்கை எழுதிவிட்டால் அதைக் கம்பெனி ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ளும். உரிமையியல் (சிவில்) வழக்கில் கேள்வியே வேறு: சாதாரண மனிதர் ஒருவர் தன் வீட்டை நிம்மதியாக அனுபவிப்பதைக் கணிசமாகக் கெடுக்கிறதா? கிராமத்து ராத்திரியில் சுற்றுப்புறச் சத்தம் 30 டெசிபலுக்கும் கீழே போய்விடும். அதன் மேல் 43 டெசிபலில் ஒரு சத்தம் ஏறி இறங்கி வந்துகொண்டே இருந்தால் காது அதை விடாது. ராத்திரியில் தரையில் இலை அசையாது, ஆனால் நூறு மீட்டர் உயரத்தில் காற்று நன்றாக அடிக்கும், இயந்திரம் முழு வேகத்தில் ஓடும், அதை மறைக்கக் கீழே வேறு சத்தமே இருக்காது. நீங்கள் பத்து மணிக்கு மேல் என்று சொல்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

ஆகவே ஆதாரத்தை ராத்திரியில்தான் சேர்க்க வேண்டும். ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எழுந்த நேரம், எந்த அறை, ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா, காற்று எந்தப் பக்கம், சத்தம் எப்படி, எவ்வளவு நேரம். அன்றன்றே எழுதுங்கள், மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் மொத்தமாக எழுதினால் குறுக்கு விசாரணையில் கண்டுபிடித்துவிடுவார்கள். சத்தம் இல்லாத ராத்திரியையும் அப்படியே எழுதுங்கள், நோட்டுக்கு நம்பகத்தன்மை அதனால்தான் வரும். ஒவ்வொரு இயந்திரத்தின் கண்ட்ரோலரும் பொதுவாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காற்றின் வேகம், திசை, சுழற்சி, உற்பத்தி எல்லாவற்றையும் ஸ்காடாவில் (கம்பெனியின் கம்ப்யூட்டர் கண்காணிப்பு அமைப்பு) பதிந்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸிலேயே எழுதிவிட்டு, பிறகு அதைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி கோர்ட்டில் மனுப் போட வேண்டும். உங்கள் நோட்டில் 2 மணி 10 நிமிடம் என்று இருக்கும் இடத்தில் அவர்கள் பதிவிலும் இயந்திரம் முழு வேகத்தில் ஓடியிருந்தால், அப்புறம் கற்பனை செய்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

போன் ஆப்பில் காட்டும் டெசிபலை நம்பிக் கோர்ட்டுக்கு வராதீர்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை வைத்து அளக்க வேண்டும். வழக்குப் போட்டதும் வக்கீல் கமிஷனர் கேளுங்கள், அதாவது நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீல், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 26-ஆவது கட்டளை, 9-ஆவது விதி. காற்று நன்றாக வீசும் ராத்திரியில், முதலில் ஓடவிட்டும் பிறகு நிறுத்தியும், உங்கள் படுக்கையறையிலேயே அளக்க வேண்டும் என்று மனுவில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நிழலுக்கு வீடியோ போதும். தேதி, நேரத்தோடு எடுத்து, பாரதிய சாட்சிய அதிநியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழோடு போட வேண்டும். நிழலுக்குத் தீர்வும் சுலபம், சூரியன் அந்தக் கோணத்தில் இருக்கும் சில நிமிடங்களுக்கு இயந்திரம் தானாக நிற்கும்படி செட் செய்யலாம். கம்பெனி முதலில் இறங்கி வருவது பெரும்பாலும் இந்த விஷயத்தில்தான்.

சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். அதற்கான சட்டத்தின் 14-ஆம் பிரிவில் பிரச்சினை ஆரம்பித்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். உங்களுக்கு அது அநேகமாகத் தாண்டியிருக்கும். இழப்பீட்டுக்கு 15-ஆம் பிரிவில் ஐந்து வருடம் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டின் தொல்லை என்றால் அங்கே எடுபடுவது கஷ்டம், பெரும்பாலும் ஊர் பாதிக்கப்பட்டதா என்றுதான் பார்ப்பார்கள். என் அபிப்பிராயத்தில் உங்களுக்கு முன்சீப் கோர்ட்தான் சரி. அங்கே காலக்கெடு பயமும் குறைவு, தொடர்ந்து நடக்கும் தொல்லைக்கு ஒவ்வொரு நாளும் புதிதாகக் காலம் தொடங்குகிறது என்கிறது காலவரையறைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு.

கொழுந்தன் விஷயம். இயந்திரத்தை ஓட்டுவது கம்பெனி, கேட்கிற நிவாரணமும் கம்பெனி மேல்தான். அவரைச் சேர்க்காமலே வழக்கு நடத்த முடியும், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சரிபாருங்கள்: அவர் குத்தகைக்கு விட்ட நிலம் பாகப்பிரிவினை ஆனதுதானா, குத்தகைப் பத்திரத்தில் உங்கள் கணவர் சாட்சியாகவோ சம்மதித்தோ கையெழுத்துப் போட்டிருக்கிறாரா. போட்டிருந்தால் முதலில் என்னிடம் அல்ல, உங்கள் வக்கீலிடம் அந்தப் பத்திரத்தைக் காட்டுங்கள்.

மாமியாருக்குத் தூக்கமின்மைக்கு டாக்டர் சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஆனால் காற்றாலையால்தான் பிபி, காற்றாலையால்தான் தலைசுற்றல் என்று மனுவில் அடுக்காதீர்கள். அதை நிரூபிக்க நிபுணர் வேண்டும், அந்தச் சண்டையில் நல்ல வழக்கும் கரைந்துபோகும். தூங்க முடியவில்லை என்பதே போதுமான குறை. நோட்டீஸை அடுத்த காற்றுக் காலம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னாலாவது அனுப்பிவிடுங்கள், கமிஷனர் வந்து அளக்கும்போது காற்று இருக்க வேண்டுமே.