வேடியப்பன் கல்லும் ஐந்தாண்டுப் படிப்பும்

கேள்வி: நான் குடியாத்தத்துக்கு அருகே ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அப்பா கைத்தறி நெசவாளர். என்னை வேலூரில் நர்சிங் சேர்க்க விரும்புகிறார். எனக்கோ பண்டைய வரலாறும் தொல்லியலும் படிக்க ஆசை. எங்கள் ஊர் ஏரிக்கரையில் வேடியப்பன் என்று நாங்கள் பொங்கலிடும் கல்லில், வில்லேந்திய வீரனுக்கு மேலே மூன்று வரி எழுத்து இருப்பதைப் பார்த்த நாள்முதல் வந்த ஆசை இது. "கல்லைப் படித்தால் கஞ்சி கிடைக்குமா?" என்று அப்பா கேட்கிறார். எங்கே சேர்வது? வேலை கிடைக்குமா?

பதில்: அன்பு மகளுக்கு, உன் அப்பாவின் கேள்வியைத் தடையாக நினைக்காதே. தறியில் உட்கார்ந்து பிள்ளையைப் படிக்க வைப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நர்சிங் முடித்தவருக்கு வேலை கிடைக்கும் வேகத்தில் தொல்லியல் படித்தவருக்குக் கிடைக்காது. இந்தியத் தொல்லியல் துறை, தமிழ்நாடு தொல்லியல் துறை, அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகங்கள் என்று இடங்கள் உண்டு. ஆனால் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பு வரும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும். அதனால் கையில் இன்னொரு வழியும் இருக்க வேண்டும். வரலாற்றில் பட்டம் பெற்று பி.எட். முடித்தால் ஆசிரியப் பணிக்குப் போகலாம்; டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கும் வரலாறு துணை நிற்கும். இதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்.

படிப்பைப் பொறுத்தவரை, தொல்லியலுக்கென்றே பட்ட வகுப்பு தேடி அலையத் தேவையில்லை. நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வரலாறு சேர், வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவும் குறையும். அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறையில் முதுகலை படிக்கலாம். 1981இல் தொடங்கப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் துறை இருக்கிறது. முதுகலைக்குப் பிறகு, சென்னையில் தமிழ்நாடு தொல்லியல் துறை உதவித்தொகையுடன் நடத்தும் ஈராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்று உண்டு. களப்பணிக்கும் கல்வெட்டு வாசிப்புக்கும் அது நல்ல பயிற்சி. இந்தியத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பு கிரேட்டர் நொய்டாவில் நடக்கிறது. 2020இல் அதற்குத் தகுதியாக ஏற்கப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழ் விடுபட்டிருந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்த பின்னரே சேர்க்கப்பட்டது. எனவே எந்தப் படிப்பானாலும் அந்தந்த ஆண்டு அறிவிப்பை நீயே எழுத்தெண்ணிப் படித்துக்கொள்.

சேர்வதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தப் படிப்பின் அன்றாடம் எப்படியிருக்கும் என்பது. கீழடிச் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குத் தங்கமும் முத்திரையும்தான் நினைவில் நிற்கின்றன. அகழ்வுக் குழியில் இறங்கியவர்களுக்குப் பானை ஓடுதான் வாழ்க்கை. வெயிலில் குந்தியிருந்து கரணையால் மண்ணை மெல்லச் சுரண்டி, மண்ணின் நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, அளந்து, வரைந்து, படமெடுத்து, கிடைத்த ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் குழி எண்ணையும் ஆழத்தையும் எழுத வேண்டும். எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு தொலைந்துவிட்டால், அந்த ஓடு வெறும் ஓடுதான்.

கல்வெட்டில் மைப்படி எடுப்பதும் அப்படியே. கல்லைத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பொறித்த எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் தட்டித் தட்டி, ஓரளவு உலர்ந்ததும் மை தோய்த்த பொதியால் மேலே ஒற்றிக்கொண்டே போக வேண்டும். பள்ளத்தில் மை படாது. கறுப்புத் தாளில் எழுத்துகள் வெள்ளையாகத் தெளிந்து வரும். முதன்முறை ஒரு 'க'வும் ஒரு 'ர'வும் அப்படி எழுந்து வந்ததைப் பார்த்தபோது என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

உயிரியல் படித்தது வீணாகுமோ என்று கவலைப்படாதே. 1960களில் திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் நடந்த அகழாய்வில் புதிய கற்கால மக்களின் குழி வீடுகளும் வழவழப்பான கற்கோடரிகளும் கிடைத்தன. அவற்றோடு கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. கருகிய ஒரு பயற்றை இன்னதென்று அடையாளம் காணவும், எலும்புத் துண்டு ஆட்டினுடையதா மாட்டினுடையதா என்று சொல்லவும் உன்னைப் போல் உயிரியல் தெரிந்தவர்கள் வேண்டும். என் கருத்தில், அறிவியல் பிரிவிலிருந்து வருகிறவர்கள் இந்தத் துறைக்கு இன்னும் நிறையத் தேவை.

உன் ஊர்க் கல்லுக்கு வருகிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டம் நடுகற்களின் நாடு; நடுகல் என்பது சண்டையில் இறந்த வீரனின் நினைவாக நட்ட கல். ஆம்பூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் உள்ளன. செங்கம் பகுதி நடுகற்களில் பல, வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவில் முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டைக் குறிப்பவை. அவற்றில் எடுத்தனூர்க் கல்லை நீ ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். இறந்த வீரனோடு கூட, கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். மன்னர் வரலாறு எழுதுகிறவர்களுக்குக் கோயில் சுவர்கள் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் மாடு மீட்கப் போய்ச் செத்த ஒரு சாதாரண மனிதனின் பெயர் இத்தகைய கல்லில்தான் இருக்கிறது. பழைய அறிக்கைகளில் தேடும்போது ஒன்றை மறவாதே: 1989இல் மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முன் வந்தவற்றில் செங்கமும் திருப்பத்தூரும் வட ஆற்காடு என்றே பதிவாகியிருக்கும்.

என் மாணவப் பருவத்தில் நான் குறிப்பெழுதிவைத்த ஒரு நடுகல், பிற்பாடு ஊரார் சன்னதி கட்டியபோது எனாமல் பெயின்ட் பூசப்பட்டு, எழுத்துகள் மூடிப் போயின. பக்தியோடுதான் செய்தார்கள், அவர்களிடம் முன்பே போய்ப் பேசாதது என் குறை. நீ அந்தப் பிழையைச் செய்யாதே. பொங்கலிடும் பெரியவர்களிடம் அந்த எழுத்தின் அருமையைச் சொல். எண்ணெய் வழிந்த கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ, எழுத்தின்மேல் சுண்ணாம்பு தீட்டவோ, அடியைத் தோண்டிப் பார்க்கவோ யாரையும் விடாதே. நிலத்தடியில் ஏதேனும் பழம்பொருள் கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் அவர் வழிகாட்டுவார்.

கல்லூரி திறக்க நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போ. இன்னொரு நாள் மேல்பாடிக்குப் போங்கள். ஆற்றூரில் இறந்த தன் முன்னோன் அரிஞ்சயனுக்காக இராசராசன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் அங்கே இருக்கிறது. நூலோட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்தச் சுவரில் எழுத்து வரிகள் ஓடும் ஒழுங்கு உன்னைவிட முந்திப் புலப்படலாம். உன் ஊர்க் கல்லின் எழுத்தைக் காலை ஏழு மணிக்கு முன்னர், வெயில் பக்கவாட்டில் விழும்போது, அருகில் ஓர் அளவுகோல் வைத்து மூன்று நான்கு கோணங்களில் படமெடுத்து எனக்கு அனுப்பு. வட்டெழுத்து அட்டவணை ஒன்றைப் பார்த்து முதல் வரியை நீயே வாசிக்க முயன்று, தெரிந்த எழுத்துகளை மட்டும் அதோடு எழுதி அனுப்பு. மீதியைச் சேர்ந்து படிப்போம்.