சைக்கிள்தானே, குடித்தால் என்ன?

கேள்வி: திருமண நாளுக்கு நானும் கணவரும் பிரான்ஸின் ஒயின் பகுதியான பர்கண்டிக்குப் போகிறோம். போன் நகரத்தில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, திராட்சைத் தோட்டங்கள் வழியாகச் சாந்தெனே கிராமம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். வழியில் ஐந்து இடங்களில் ஒயின், இரவு மிஷெலின் உணவகக் கையேட்டின் நட்சத்திரம் பெற்ற உணவகத்தில் விருந்து. ‘கார் இல்லை, சைக்கிள்தானே, தாராளமாகக் குடிக்கலாம்’ என்கிறார் அவர். சரியா?
– ஒரு வாசகி, பாரிஸ்

பதில்: சரியில்லை. பிரான்ஸில் கார் ஓட்டுபவருக்கு உள்ள வரம்புதான் சைக்கிள் ஓட்டுபவருக்கும்: ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால். சட்டம் கிடக்கட்டும். அந்தப் பாதை சுமார் 22 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் உண்டு, தோட்டத்து டிராக்டர்களும் அதில்தான் வரும். ஐந்து இடத்தில் குடித்தவர் அங்கே தானும் விழுவார், பின்னால் வரும் உங்களையும் தள்ளிவிடுவார்.

ஐந்தை ஒன்றாக்குங்கள். காலையில் வழியில் வரும் மெர்சோ கிராமத்தில், முன்பே நேரம் கேட்டு வைத்துக்கொண்டு, வெள்ளை ஒயின் ருசி பாருங்கள். ஒரு வாய் எடுத்து, நாக்கில் சுழற்றி, அதற்கென்றே வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடுங்கள். கூச்சமே வேண்டாம், ஒயின் செய்பவர்களும் அப்படித்தான் ருசி பார்க்கிறார்கள்.

அடுத்து வரும் புலினி கிராமத்தைத் தாண்டியதும் மோன்ராஷே தோட்டம் வரும். மொத்தமே சுமார் 8 ஹெக்டேர். உலகத்திலேயே விலை உயர்ந்த வெள்ளை ஒயின்களில் சில அந்தத் துண்டு நிலத்திலிருந்துதான் வருகின்றன. குட்டையான கல் சுவர், சுண்ணாம்புக் கல் கலந்த மண், வரிசை வரிசையாக இடுப்புயரக் கொடிகள். கண்டிப்பாக இறங்கிப் பாருங்கள். பழத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அப்புறம், விருந்தை மதியத்துக்கு மாற்றுங்கள். நாள் முழுக்க மிதித்துவிட்டு ராத்திரி மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் பாதியிலேயே கண் சொருகும். அவ்வளவு பணம் கொடுத்துச் சாப்பிடுவது நாக்கில் ஏற வேண்டாமா? சாந்தெனேயிலிருந்து கால்வாய் ஓரமாகக் கொஞ்ச தூரம் போனால் ஷான்யி என்ற ஊர். மூன்று நட்சத்திர உணவகமான மேசோன் லாம்லுவாஸ் அங்கேதான் இருக்கிறது. முதலில் அங்கே மேசை கிடைக்கும் நாளைப் பாருங்கள், பயணத் தேதியை அதற்கேற்ப வையுங்கள். பையில் ஒரு நல்ல சட்டை இருக்கட்டும்.

உங்கள் கணவர் ஆசைப்படும் கிளாஸை அந்த மேசையில் நிதானமாகக் குடிக்கட்டும். முடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஷான்யி ஸ்டேஷனுக்கு நடந்துவிடுங்கள். உள்ளூர் ரயிலில் சைக்கிளையும் ஏற்றலாம், பத்து நிமிடம் போல ஆகும் போன் நகரத்துக்கு.