கூவம் ஓரத்துல ஒரு டம்ளர் அரிசி: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

சென்னையில கூவம் ஓரத்து குடிசைங்க, அப்புறம் கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு 16 வருஷமா பெண்கள் குழுவுக்கு கணக்கு எழுதிட்டு இருக்கேன். காசு இல்லாதவங்க எப்படி பொழைக்கிறாங்கன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒவ்வொண்ணா வரேன்.

நைட்ஷிப்ட்: அக்கா, மாசம் 12 ஆயிரத்துல நாலு பேர், வாடகை வேற. கணக்கே உதைக்குதே?

மாசக் கணக்கு போட்டா உதைக்கும்தான் பா, அவங்க நாள் கணக்குல இல்ல ஓட்டறாங்க. சித்தாள் வேலைக்கு போறவங்களுக்கு மழை பெஞ்சா அன்னிக்கு கூலி கிடையாது, ரேஷன் அரிசி இலவசம்தான் ஆனா மாசக் கடைசிக்குள்ள தீந்துடும், அப்ப எதிர் வீட்டுல ஒரு டம்ளர் அரிசி வாங்கி உலை வெப்பாங்க. திருப்பிக் கொடுக்கும்போது பாருங்க, தலை தட்டாம கோபுரமா கொடுப்பாங்க. அந்த ஒரு பிடி கூட இருக்கே, அதுதான் வட்டி, அடுத்த தடவை கேக்கறதுக்கு வாய் வரணும்ல.

சேமிப்புப்பிரியன்: சீட்டுல போடற காசை பேங்க்ல போட்டா சேஃப்தானே?

பேங்க்ல போடலாம், ஆனா புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னு திடீர்னு கேட்டா பேங்க்ல தருவாங்களா? ஏலச்சீட்டு கணக்கு சொல்றேன். 20 பேர், ஆளுக்கு மாசம் 1000, மொத்தம் 20,000. அவசரம் இருக்கறவங்க ஏலத்துல 4000 விட்டுக்கொடுத்து 16,000 எடுத்துப்பாங்க, அந்த 4000ல சீட்டு பிடிக்கிற அக்காவுக்கு 1000 போக மிச்சம் எல்லாருக்கும் பிரிஞ்சு அந்த மாசம் 850 கட்டினா போதும். தினம் வந்து வசூல் பண்ற வட்டிக்காரன், அதான் தண்டல்காரன்கிட்ட போனா 10,000ன்னு எழுதிட்டு கையில 8500 தருவான், தினம் 100 ரூபா, 100 நாள் கட்டணும். கந்துவட்டிக்கு 2003லயே தடைச் சட்டம் வந்துடுச்சு, தெருவுல தண்டல் ஓடிட்டுதான் இருக்கு.

சீட்டு பிடிச்சவங்க ஓடிப்போற கதையும் உண்டு, இல்லன்னு சொல்லல. பதிவு பண்ணாத சீட்டுக்கு போலீஸ்ல போய் நிக்கறதும் கஷ்டம். அதனாலதான் தெரியாத ஆள்கிட்ட யாரும் போட மாட்டாங்க, தினமும் குழாயடியில பாக்கிற முகமா இருக்கணும்.

மதுரைக்காரன்: கவர்மெண்ட் சும்மா வீடு கொடுத்தும் ஏன் திரும்பி ஓடி வர்றாங்க? நன்றி இல்லையா?

கோவம் வருது, இருந்தாலும் சொல்றேன். குடிசை மாற்று வாரியம் 1970ல வந்தப்ப ஊருக்குள்ளயே மாடி கட்டிக் கொடுத்தாங்க, 2000க்கு அப்புறம்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரின்னு ஊருக்கு வெளிய ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் தள்ள ஆரம்பிச்சாங்க, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஆத்தோரத்து ஜனத்தை பெரும்பாக்கத்து மாடி வீடுங்களுக்கு அனுப்பினாங்க. ஒரே சந்துல இருந்தவங்க வேற வேற பிளாக்ல. இங்க ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்ச்சுட்டு இருந்த பொண்ணு அங்க போனதும், புள்ளைய பாத்துக்கற ஆயா இல்ல, கடன் தர்ற முக்கு கடை இல்ல, "அந்த வீட்டுல ஆள் தேடறாங்கடி"ன்னு சொல்ற பக்கத்து வீட்டுக்காரி இல்ல. 2021ல இருந்து பொம்பளைங்களுக்கு சாதா பஸ் ஃப்ரீ, அது பெரிய உதவிதான், ஆனா ரெண்டு மணி நேரம் பஸ்ல போச்சுன்னா போச்சு. வீடு கிடைச்சுது, ஆள் கட்டு போச்சு.

சும்மாகேட்டேன்: ரொம்ப ஒத்துமையா காட்டறீங்களே, சண்டையே கிடையாதா?

இருக்கு, நாறும். புதுசா வந்த வடநாட்டு பசங்களை சீட்டுல சேக்க மாட்டாங்க, புருஷன் விட்டுட்டு போன பொண்ணுன்னா முதல்ல ஜாமீனுக்கு ஆள் கேப்பாங்க, ஜாதியும் அப்படியே இருக்கு. இன்னொண்ணு, உறவுக்காரங்க கைமாத்து கேட்டா இல்லன்னு சொல்ல முடியாது. எங்க குழுவுல ஒரு அக்கா ரெண்டு சீட்டு கட்டுவாங்க, ஏன்க்கா ரெண்டுன்னு கேட்டேன். "கையில இருந்தா என் தம்பி வாங்கிட்டு போயிடுவான், சீட்டுக்கு கட்டணும்னா அவனே வாயை மூடிப்பான்"னாங்க. ஒரு கட்டுல இருந்து தப்பிக்க இன்னொரு கட்டு!

கடைசிபெஞ்ச்: சாவு விழுந்தா செலவுக்கு என்ன பண்ணுவாங்க?

பழைய இடத்துல ரெண்டு மணி நேரத்துல ஷாமியானா, சேர், ஐஸ் பாக்ஸ் எல்லாம் வந்துடும், ஒரு பையன் நோட்டை எடுத்துட்டு வீடு வீடா போவான், 50, 100ன்னு எழுதிட்டு வருவான். போன வருஷம் எட்டு மாடி பிளாக் ஒண்ணுல ஒரு தாத்தா தவறிட்டாரு, அடுத்த கதவு யாருன்னே தெரியாது, லிப்ட் சின்னது. பழைய தெருவுக்கு போன் போட்டாங்க. பசங்க ஆறு பேர் பஸ் பிடிச்சு வந்து படியில தூக்கி இறக்கினாங்க. நோட்டையும் கொண்டு வந்திருந்தாங்க, அங்கயே வசூல் பண்ணி, 3,400 ரூபா.