இலங்கை தேர்தல்: சேலம் பக்கம் இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

2024 நவம்பர் 14 பார்லிமென்ட் தேர்தல் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதுல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன்.

யாழ்ப்பாணத்துலயே சிங்கள கட்சி ஜெயிச்சிருச்சே, அப்ப தமிழ் கட்சிங்களை அங்க இருக்கற தமிழங்களே கைவிட்டுட்டாங்களா? (அம்மாபேட்டை)

இல்லைங்க. இந்த முடிவுக்கு எல்லாரும் ரொம்ப சீக்கிரம் வந்துடறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டத்துக்கு மொத்தம் 6 சீட். ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்கவோட தேசிய மக்கள் சக்தி, அதான் திசைகாட்டி சின்னம், வாங்குனது ஏறத்தாழ 80,800 ஓட்டு, அதாவது நாலுல ஒரு பங்கு தான், ஆனா சீட் 3. வீடு சின்னத்துல நின்ன தமிழரசுக் கட்சி 63,300 வாங்கியும் 1 சீட் தான். சைக்கிள் சின்னத்துல நின்ன தமிழ் காங்கிரஸ் கட்சிக்கு ஒண்ணு, ஊசி சின்னத்துல நின்ன சுயேச்சை குழுவுக்கு ஒண்ணு.

ஏன் இப்படின்னா, அங்க மாவட்டத்துல முதல்ல வர்ற கட்சிக்கு போனஸா ஒரு சீட் கொடுத்துடுவாங்க, 5 சதவீதத்துக்கு கீழ வாங்குனவங்களை கணக்குல இருந்து எடுத்துட்டு, மீதி சீட்டை ஓட்டு விகிதப்படி பிரிப்பாங்க, அதுலயும் சீட் மிச்சம் இருந்தா யாருக்கு மீதி ஓட்டு அதிகமோ அவங்களுக்கு போகும். இப்ப சங்கு சின்னத்துல நின்ன தமிழ் கூட்டணியை பாருங்க, 22,500 ஓட்டு வாங்கியும் ஒரு சீட் கூட இல்ல. அதுல இருக்கற டெலோ, புளொட்ங்கற தமிழ் கட்சிங்க எல்லாம் 2023 ஜனவரி வரைக்கும் தமிழரசுக் கட்சியோட ஒரே கூட்டமைப்புல இருந்தவங்க. வீடும் சங்கும் சேர்ந்து நின்னு இதே ஓட்டு விழுந்திருந்தா 85 ஆயிரத்தை தாண்டி போனஸ் சீட் இவங்க பக்கம் வந்திருக்கும், நான் போட்டு பார்த்த கணக்குப்படி இவங்களுக்கு 3, திசைகாட்டிக்கு 2. மாறி போட்டவங்க நிறைய பேர் இருக்காங்க, பழைய தலைவருங்க மேல சலிப்பும் நிஜம், அதை நான் மறுக்கல. ஆனா அதோட சேர்த்து, இவங்க தனித்தனியா நின்னதாலயும் சீட் போச்சு, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. கிழக்குல இருக்கற மட்டக்களப்புல 5-ல 3 சீட்டை வீடு சின்னம் எடுத்துச்சு, நாட்டுலயே திசைகாட்டி முதல்ல வராத ஒரே மாவட்டம் அதுதான்.

அந்த முறை நல்லதா, நம்ம முறை நல்லதா? (ஆத்தூர்)

நம்ம சேலம் மாவட்டத்தையே எடுத்துக்குங்க, 2021 சட்டமன்ற தேர்தல்ல 11 தொகுதில 10 அதிமுக, பாமக கூட்டணிக்கு, திமுகவுக்கு சேலம் வடக்கு மட்டும் தான். திமுகவுக்கு மாவட்டம் பூரா விழுந்த ஓட்டுக்கு ஒரே எம்எல்ஏ. விகிதாசார முறையா இருந்தா அப்படி ஆகியிருக்காது. பரவி கிடக்கற சிறுபான்மைக்கு அந்த முறை நல்லது தாங்க, ஆனா பிரிஞ்சு நிக்காம இருக்கணும்.

எங்க எஸ்டேட்ல கண்டி பக்கம் இருந்து வந்த குடும்பம் இருக்கு, "எங்க ஓட்டை பிடுங்கிட்டாங்க"ன்னு அந்த பாட்டி சொல்வாங்க, நிஜமா? (ஏற்காடு)

நிஜம் தாம்மா. சேலம், திருச்சி, புதுக்கோட்டை பக்கம் இருந்து வெள்ளைக்காரன் காலத்துல காபி, தேயிலை தோட்டத்துக்கு போன சனங்க அவங்க. இலங்கைக்கு சுதந்திரம் கிடைச்ச 1948-லயே ஒரு சட்டம் போட்டு குடியுரிமைய எடுத்தாங்க, 1949-ல ஓட்டும் போச்சு. 1964-ல இலங்கை பிரதமர் சிறிமாவும் இந்திய பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும்னு பேசி முடிச்சாங்க, அந்த சனங்களை ஒரு வார்த்தை கேக்கல. அங்கயே தங்குனதுல நாடில்லாம இருந்தவங்களுக்கு மிச்சமிருந்த பிரச்சினை 2003 சட்டத்துல தான் தீர்ந்துச்சு. இன்னைக்கு தேயிலை தோட்டங்க நிறைஞ்ச நுவரெலியா மாவட்டத்தோட 8 சீட்ல ஜீவன் தொண்டமான், திகாம்பரம், ராதாகிருஷ்ணன் மூணு பேரும் தோட்ட மக்களோட ஓட்டை நம்பி வர்றவங்க, மத்த 5 திசைகாட்டிக்கு. பாட்டிகிட்ட உக்காந்து பேசி எழுதி வைங்கம்மா, தள்ளி போடாதீங்க.

திசைகாட்டிக்கு மூணுல ரெண்டு பங்கு மெஜாரிட்டி இருக்கே, தமிழங்களுக்கு ஏதாவது நடக்குமா? (ஓமலூர்)

225-ல 159 இருக்கு, 150 இருந்தாலே அரசியல் சட்டத்தை மாத்தலாம். அதனால முடியலைன்னு சொல்ல இவங்களுக்கு இடமில்ல. எனக்கு முதல் சோதனை, நம்ம சட்டமன்றம் மாதிரி மாகாணத்துக்கு இருக்கற மாகாண சபைக்கு தேர்தல் வைக்கறாங்களாங்கறது தான். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல வந்த சபை அது, வடக்குல 2013-ல ஒரே ஒரு தடவை தேர்தல் நடந்துச்சு, 2018-ல பதவிக்காலம் முடிஞ்சதும் ஆளுநர் கைக்கு போயிடுச்சு.

இங்க இலங்கை அகதிகள் முகாம்ல இருக்கறவங்க அந்த தேர்தல்ல ஓட்டு போட முடியுமா? (தாரமங்கலம்)

முடியாது தம்பி. அங்க வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்து, நேர்ல அங்க இருக்கணும், வெளிநாட்டுல இருந்து போடற வசதி இல்ல. இந்திய குடியுரிமை இல்லாததால இங்கயும் ஓட்டு இல்ல, 2019 குடியுரிமை திருத்த சட்டத்துலயும் இலங்கைய சேர்க்கல. ஒரு வழி இருக்கு, 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்தவங்க பிறப்பாலயே இந்திய குடிமக்கள். 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு அம்மா கோர்ட்டுக்கு போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 லோக்சபா தேர்தல்ல திருச்சில ஓட்டு போட்டாங்க. உங்க வீட்டுல அந்த தேதிக்கு முன்னாடி இங்க பிறந்தவங்க இருந்தா பிறப்பு சான்றிதழை எடுத்துட்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை பாருங்க, அங்க இலவசமாவே வக்கீல் உதவி கேக்கலாம்.